நீலாம்பிகாவுக்கு ஒரு வெள்ளை ஜிப்பா

நீலாம்பிகா வக்கீலின் குர்தா இடது பக்கத் தையல் விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோர்ட்டில் அவள் வாய்தா கேட்க எழுந்து நின்றபோது. சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்டதாம். நீதிபதி தலையைத் தூக்காமலே, "இருபத்தி நாலாம் தேதி" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார். கேட்டது கிடைத்த சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க முடியாமல், ஃபைலை விலாவோடு அணைத்துக்கொண்டு நேராக என் கடைக்கு ஓடிவந்தாள்.

வட கர்நாடகத்துக் கதக் ஊரில், கோர்ட் காம்பவுண்டுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் என்னுடையது டைப்பிங் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி. மனுவும் அஃபிடவிட்டும் அடித்துக் கொடுத்துப் பதினேழு வருஷம் ஓடிவிட்டது. ஜூனியர் வக்கீல்களுக்கு அவர்களுடைய சீனியர்களைவிட என்னிடம்தான் பேச்சு அதிகம்.

"அக்கா, ஊசி இருக்கா?"

"ஒரே ஒரு சேஃப்டி பின் இருக்கு. அது என் ப்ளவுஸ்ல இருக்கு. வேணுமா?"

"வேண்டாம். அப்புறம் ரெண்டு பேருமே வெளிய போக முடியாது."

மேஜை மேல் ஸ்டேப்ளர் இருந்தது. அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, கோட்டைத் தூக்கிப் பிடித்து, அக்குளுக்குக் கீழிருந்து வரிசையாக எட்டு பின் அடித்தேன். கடைசிப் பின்னுக்கு வந்தபோது, "அக்கா, பாத்து. உள்ள ஒரு ஆள் இருக்கு" என்றாள்.

எனக்கு விஷயம் அப்போதுதான் தெரியும். ஐந்தாம் மாதம். கறுப்புக் கோட்டு அத்தனை நாளும் மறைத்து வைத்திருந்தது.

நீலாம்பிகா அங்கடிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. முண்டர்கிப் பக்கம் பிறந்த வீடு. அப்பா விதைக்கடையில் மூட்டை எடை போடுபவர். குடும்பத்தில் கோர்ட் படி ஏறிய முதல் ஆள், அதுவும் வக்கீலாக. சீனியர் பாட்டீலிடம் நான்கு வருஷமாக ஜூனியர். அவர் கொடுப்பது பஸ்ஸுக்கும் டீக்கும் போக, கையில் கொஞ்சம் ஈரம் தங்கும், அவ்வளவுதான். கணவன் மஹாந்தேஷ் தனியார் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். கோடை விடுமுறையில் அவனுக்குச் சம்பளமும் விடுமுறை எடுத்துக்கொள்ளும். பிரசவத்துக்கென்று ஒரு டப்பாவில் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத் துணிக்காகத் தொடக்கூடாது என்பது நீலாம்பிகா தானே போட்டுக்கொண்ட தடையுத்தரவு.

கோர்ட்டில் பெண் வக்கீல்களுக்கு உடை வெள்ளை, கறுப்பு, அவ்வளவுதான். அவளிடம் இருந்தவை மூன்று வெள்ளைக் குர்தா. மூன்றும் மெலிந்த காலத்தில் தைத்தவை. கறுப்புச் சேலை ஒன்று இருந்தது. ஒரு வாரம் அதைக் கட்டிப் பார்த்தாள். பாவாடை நாடா வயிற்றை அறுத்தது. நாடாவை வயிற்றுக்கு மேலே கட்டினால் மூச்சு முட்டியது, கீழே கட்டினால் படியில் கொசுவம் கழன்றது. பெட்டகேரியிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து, இரண்டு மாடி ஏறி, வராந்தாவில் நாள் முழுக்க அலைபவளுக்கு அது ஒத்துவரவில்லை.

"நைட்டி போட்டுக்கிட்டு அதுமேல கோட்டைப் போட்டா என்னக்கா? யாருக்குத் தெரியும்?" என்றாள் ஒருநாள்.

"வாரச் சந்தையில வெள்ளை நைட்டி பாத்திருக்கியா? எல்லாத்துலயும் சூரியகாந்திப் பூ இருக்கும். நீ சாட்சிய விசாரிப்ப, சாட்சி பூவ எண்ணிக்கிட்டு நிப்பான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாக ஹூப்ளிக்குப் போனார்கள். தாய்மார்களுக்கென்றே தனியாக ஒரு பெரிய கடை, குளுகுளுவென்று. ரோஜா நிறம், மாம்பழ நிறம், பொம்மை போட்டது, ஜிப் வைத்தது என்று மாடி முழுக்கத் தொங்கியது. வெள்ளை இல்லை.

"வெள்ளையில வராது மேடம். மாசமா இருக்கறவங்க யாரும் வெள்ளை கேக்கமாட்டாங்க" என்றாள் விற்பனைப் பெண்.

"எனக்கு வேணுமே."

"ஓ! எந்த ஆஸ்பத்திரி மேடம் நீங்க?"

கறுப்பில் ஒன்று எடுத்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த மஹாந்தேஷ் அதை அதே மரியாதையோடு திருப்பி வைத்துவிட்டானாம். அந்த ஒரு உடையின் விலையில் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வரும். இருவரும் ஆளுக்கொரு தட்டு கிர்மிட் பொரி சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள்.

"அவர் சட்டையைப் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"அவர் சட்டை என் கைக்குக்கூட ஏறல. ஊர்ல எல்லாப் பொண்ணுக்கும் தொப்பை உள்ள புருஷன் கிடைச்சிருக்கு. எனக்குத்தான் ஓட்டப்பந்தய வீரர்!"

அவள் அதைச் சொல்லிச் சிரித்த அதே வாரம்தான் சங்கரகவுடர் கோர்ட்டுக்கு வந்தார். முன்னாள் பஞ்சாயத்து உறுப்பினர், நிலத்தகராறு ஒன்றில் பிரதிவாதி. ஆள் வருவதற்கு முன்னால் வயிறு வரும். என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தார், குனிந்து செருப்பு மாட்டினார், ஜீப்பில் ஏறினார். வெள்ளை ஜிப்பா எங்கும் இழுக்கவில்லை, முன்னால் தூக்கவில்லை, கசங்கக்கூட இல்லை.

நீலாம்பிகா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "அக்கா, அவர் வயித்தப் பாருங்க."

"அடியே, மெதுவா."

"இல்லக்கா, பாருங்க. என்னோடதைவிட ரெண்டு மாசம் கூடவே இருக்கும். எவ்வளவு அழகா உக்காந்திருக்கு துணி!"

நான் தடுப்பதற்குள் ஜீப்பிடம் போய்விட்டாள். "கவுட்ரே, ஒரு சின்ன விசாரணை."

"சொல்லுங்க வக்கீலம்மா. கேஸ் விஷயமா?"

"ஜிப்பா விஷயமா. யார் தைச்சது?"

கூட இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கவுடருக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "கேக்கணுமா? தாவல்சாப்தான். இந்த ஜில்லாவுல பெரிய மனுஷங்க எல்லாருக்கும் அவன்தான். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. என் பேரச் சொல்லுங்க."

மறுநாள் சாயங்காலமே போனோம். துணைக்கு நான். தாவல்சாப் மாஸ்டர் ஒல்லியான மனிதர், காதில் பென்சில். சுவரெல்லாம் வெள்ளை ஜிப்பாக்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். நீலாம்பிகா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, இல்லையென்று தலையாட்டினார்.

"முடியாதும்மா. நான் ஆம்பளைங்களுக்குத்தான் தைக்கறது."

"மாஸ்டர், நீங்க தொப்பைக்குத் தைக்கறதுல கெட்டிக்காரர்னு ஊரே சொல்லுது."

"ஆம்பளைத் தொப்பைக்கு."

"தொப்பையில ஆம்பளைத் தொப்பை, பொம்பளைத் தொப்பைன்னு சட்டத்துல எங்க இருக்கு?"

"சட்டத்துல இல்லாம இருக்கலாம். கடை போர்டுல இருக்கு. 'ஜென்ட்ஸ் டெய்லர்'. படிக்கலையா?"

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அந்த போர்டு எழுதிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. 'ஜென்ட்ஸ்' இருந்த எடத்துல இப்ப துருதான் இருக்கு. போய்ப் பாத்துட்டு வந்து வாதாடுங்க."

வெளியே போய்ப் பார்த்தேன். உண்மைதான். மீதி இருந்தது 'தாவல்சாப் டெய்லர்' மட்டும். உள்ளே வந்து சொன்னேன். மாஸ்டர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி செருகினார். அவருடைய மனைவி பீபிஜான் திரையை விலக்கிக்கொண்டு வந்து அளவுநாடாவை அவர் கழுத்திலிருந்து உருவினாள்.

"நான் அளவெடுக்கறேன். நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு எழுதிக்கோங்க. வா தங்கச்சி."

நீலாம்பிகா நிமிர்ந்து நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டிருந்த மாஸ்டர், சுவரைப் பார்த்தபடியே சத்தம் போட்டார். "நிக்க வெச்சு அளக்காத! எத்தன தடவ சொல்றது? நின்னா எல்லா வயிறும் மரியாதையாத்தான் இருக்கும். உக்காந்தாத்தான் அதோட சொரூபம் தெரியும். நாற்காலியப் போடு. கழுத்துலேருந்து வயித்து மேல ஏத்தி, மடி வரைக்கும் அள."

பிறகு அவருக்கே தொழில் சூடு பிடித்துவிட்டது. வயிற்றுக்குத் துணி தைப்பவர்கள் எல்லோரும் சுற்றளவைத்தான் கூட்டுகிறார்கள், அதனால்தான் கூடாரம்போல் ஆகிறது என்றார். கூட்ட வேண்டியது முன்பக்க நீளத்தை. பின்னால் இருப்பதைவிட முன்னால் நாலு விரல் அதிகம் வெட்டினால், வயிறு அதைத் தூக்கிக்கொண்ட பிறகு விளிம்பு சமமாக நிற்கும்.

"தலைவருங்க வயிறு சொல்ல முடியாதும்மா. ஜெயிச்சா ஏறும், தோத்தா எறங்கும். உன்னோடது ஏறும்னு நிச்சயமாத் தெரியுது. அதுக்குத் தைக்கறது சுலபம்" என்றார், இன்னும் சுவரைப் பார்த்தபடி.

துணி விலை என்ன ஆகும் என்று நீலாம்பிகா தயங்கித் தயங்கிக் கேட்டாள். மாஸ்டர் சொன்னார். அவள் கைப்பையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு வேண்டுமானால் முடியும். ஒன்றை வைத்துக்கொண்டு தினம் துவைத்துத் தினம் போட முடியாது, மழைக்காலம் வேறு.

பீபிஜான்தான் பெட்டிமேல் இருந்த ஒரு மூட்டையைக் காட்டினாள். "அந்த ஈரண்ணா ஜிப்பா கெடக்கே."

ஈரண்ணா நகராட்சித் தேர்தலில் நின்றவர். ஜெயித்தால் தினம் ஒரு ஊர்வலம் என்று ஐந்து ஜிப்பாவுக்குத் துணியும் கூலியும் முன்கூட்டியே கொடுத்துத் தைக்கச் சொல்லியிருந்தார். தோற்றார். அதன்பிறகு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. எட்டு மாதமாக ஐந்தும் மடித்தபடி கிடந்தன. நல்ல மெல்லிய பருத்தி. நீலாம்பிகா ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வைத்த வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது அவரோட சொத்து. அவர் வாயால சொல்லாம நான் தொடமாட்டேன்."

"கெடந்து மக்குதும்மா!"

"மக்கினாலும் அவருதுதான். போன் போடுங்க."

மாஸ்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார். ஈரண்ணா இப்போது ஆழ்துளைக் கிணறு போடும் தொழிலில் இருந்தார். பின்னால் இயந்திரம் இரைந்தது. விஷயம் சொன்னதும் கத்தினார்.

"அத எரிச்சிடச் சொன்னேனே! வெள்ளைத் துணியக் கண்டாலே எனக்கு வயிறு எரியுது. எத்தன ஓட்டுல தோத்தேன்? பதினொண்ணு! என் கூடப்பொறந்த தம்பி வீட்டுலயே ஆறு ஓட்டு இருக்கு!"

"ஒரு வக்கீலக்காவுக்குத்தான் கேக்கறேன் சாவ்கார். புள்ளத்தாச்சி. கோர்ட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போக."

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கி வந்தது. "கோர்ட்டுக்கா? குடு, குடு. அஞ்சையும் குடு. ஒரு பைசா வாங்காத. அந்தத் துணிக்கு ஜெயிக்கற யோகம் இருக்கான்னு அங்கயாவது பாப்போம். ஒண்ணு மட்டும் அந்தத் தாயிகிட்டச் சொல்லு. பொறக்கற புள்ளைக்குப் பதினெட்டு வயசானா ஓட்டு என் வார்டுல இருக்கணும்."

நீலாம்பிகா போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "பெட்டகேரிதான் அண்ணா எங்க வீடு, உங்க வார்டேதான்" என்றாள்.

மாற்றித் தைக்கும் கூலி மட்டும்தான் அவளுக்கு ஆனது. மாஸ்டர் தோளை இறக்கினார், கையைச் சுருக்கினார், கழுத்துப்பட்டையைக் கோர்ட்டுக்கு ஏற்றபடி மாற்றினார். பக்கவாட்டில் இரண்டு மடிப்பு வைத்து, மாதம் ஏற ஏறப் பிரித்து விட்டுக்கொள்ளும்படி ஒற்றைத் தையல் போட்டுக் கொடுத்தார். உள்பக்கத்தில் ஈரண்ணாவுக்கென்று வைத்த பெரிய ரகசியப் பையை எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அதில் அவள் வேர்க்கடலையும் வெல்லமும் போட்டுக்கொண்டு, எதிர்த்தரப்பு வாதம் நீளும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வாள்.

முதல் நாள் போட்டுக்கொண்டு வந்தபோது என் கடை முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், கையைத் தூக்கினாள். "அக்கா, ரெண்டு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் முழுசா மூச்சு விடறேன்."

வீட்டில் வேறு புகைச்சல் கிளம்பியது. மாமியார் பார்வதெவ்வாவுக்கு, கொடியில் வரிசையாக வெள்ளை காய்வதைப் பார்த்தாலே மனசு பதைத்தது. எங்கள் பக்கம் ஏழாம் மாதம் குபசம், அதாவது வளைகாப்பு, செய்வார்கள். பச்சைச் சேலை, பச்சை ரவிக்கை, கை நிறையப் பச்சை வளையல். அந்த மாதத்தில் போய் வெள்ளையா?

"அக்கம்பக்கத்துல என்ன கேக்கறாங்க தெரியுமா? 'உங்க வீட்டுல என்ன துக்கம்'னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"கோர்ட் துணின்னு சொல்லுங்க அத்தை."

"கோர்ட்டுக்கு மாசம் ஆனது தெரியுமா, மசக்கை தெரியுமா? ஒரு பச்சைத் துணி போட்டுக்கிட்டுப் போனா ஜட்ஜு தூக்குலயா போடுவாரு?"

மூன்று நாள் இரண்டு பேரும் சோள ரொட்டித் தட்டை நகர்த்துவதற்கு மட்டுமே பேசிக்கொண்டார்களாம். நாலாம் நாள் காலை நீலாம்பிகா ஜிப்பாவைத் தலையில் மாட்டும்போது உள்பக்கத்தில் ஏதோ வழவழப்பாகப் பட்டது. திருப்பிப் பார்த்தாள். கீழ்மடிப்புக்கு உள்ளே, வெளியே தெரியாதபடி, ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைக் கரைத்துணி. சின்னச்சின்னக் கைத்தையல். ஐந்து ஜிப்பாவிலும் இருந்தது. தன் கல்யாண ரவிக்கைத் துணியைக் கிழித்துத்தான் பார்வதெவ்வா தைத்திருந்தாள்.

என்னிடம் விளிம்பைத் திருப்பிக் காட்டியபோது நீலாம்பிகாவின் கண் நிறைந்துவிட்டது. "அத்தை ஒண்ணுமே சொல்லலக்கா. 'சாப்பாட்டு டப்பாவ மறக்காத'ன்னு மட்டும் சொன்னாங்க."

குபசத்துக்கு நானும் போயிருந்தேன். பச்சைச் சேலையில் அவளை மணையில் உட்கார வைத்துப் பாட்டெல்லாம் பாடி முடித்த பிறகு, பெண்கள் கூட்டம் உள்ளறையில் அந்த ஜிப்பாவைச் சுற்றிக்கொண்டது. பாங்கில் காசாளராக இருக்கும் அவளுடைய நாத்தனார் முறைப் பெண் மஞ்சுளாவுக்கு நாலாம் மாதம். நர்சிங் ஹோமில் வேலை செய்யும் சுலோச்சனாவுக்கு ஆறு. ஆளாளுக்கு மடிப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது யார் என்கிறீர்கள்? பார்வதெவ்வா.

"சுத்தளவு முக்கியமில்லடி. முன்னால நாலு விரல் நீளம் விடணும். எங்க மருமக தேடிக் கண்டுபிடிச்ச மாஸ்டர்."

அடுத்த வாரமே இரண்டு பேரும் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றார்கள். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். பீபிஜான் மட்டும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பழைய வேட்டி, புருஷனின் கிழியாத பழைய சட்டை, எது கொண்டுவந்தாலும் மாற்றித் தருவதாகச் சொல்லி, அளவெடுக்கும் வேலையை அவள் நிரந்தரமாகத் தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

எட்டாம் மாதம் சீனியர் பாட்டீலுக்குக் குளியலறையில் கால் பிசகியது. அன்றைக்கு விசாரணைக்கு இருந்தது சரவ்வா என்ற நெசவுக்காரப் பெண்ணின் கேஸ். புருஷன் செத்த மூன்றாம் மாதம் கொழுந்தன் அவளை வெளியே தள்ளி வீட்டைப் பூட்டிவிட்டான். வாய்தா வாங்கிவிடு என்றுதான் பாட்டீல் போனில் சொன்னார். நீலாம்பிகா சரவ்வாவைப் பார்த்தாள். அவள் தன் துணிமூட்டையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். இரவு எந்த வீட்டுத் திண்ணையில் படுத்தாளோ.

"நானே வாதாடறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

நானும் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்வரிசையில் போய் நின்றேன். எதிர்த்தரப்பில் முப்பது வருஷ அனுபவமுள்ள தேசாய் வக்கீல். கோட்டுக்குள்ளிருந்து முழங்கால் வரை இறங்கிய அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "என்ன தாயி, ஓட்டுக் கேக்க வந்த மாதிரி இருக்கு?" என்றார். கேலிதான், விஷமில்லை.

"தீர்ப்புக் கேக்க வந்திருக்கேன் சார்" என்றாள்.

நீதிபதி உட்கார்ந்தே பேசலாம் என்று சொல்லிப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டு நின்றே பேசினாள். வரி ரசீது, மின்சார ரசீது, தறி வாங்கிய காகிதம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒருமுறை பேச்சை நிறுத்தி வயிற்றில் கையை வைத்தாள். கோர்ட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் லேசாகச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மாலை நாலு மணிக்கு உத்தரவு வந்தது: கேஸ் முடியும்வரை சரவ்வா அந்த வீட்டில் இருக்கலாம், பூட்டைத் திறந்துவிட வேண்டும்.

சரவ்வா அவள் காலில் விழப் போனாள். "ஐயோ, என்னால குனிஞ்சு உங்களத் தூக்க முடியாது, எந்திரிங்க!" என்று நீலாம்பிகா அலறியதில், தேசாய் வக்கீலே சிரித்துவிட்டார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து முண்டர்கியில் பிறந்த வீட்டில் இருந்தபோது அவளுக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. டப்பாவில் இருந்த பணம் போதுமானதாக இருந்தது, கொஞ்சம் மிச்சமும் ஆனது என்று மஹாந்தேஷ் என் கடைக்கு வந்து பேடா கொடுத்துவிட்டுச் சொன்னான். ஓடிவந்திருப்பான் போல, மூச்சு வாங்கியது. பெயர் அக்கம்மா என்று வைக்கலாமா என்று யோசிப்பதாகவும், நீலாம்பிகா நவீனமாக ஏதாவது வேண்டும் என்பதாகவும் சொன்னான். கடைசியில் சான்வி ஆனது.

ஆறு மாதம் கழித்து நீலாம்பிகா கோர்ட்டுக்குத் திரும்பி வந்தாள். ஐந்து ஜிப்பாவில் ஒன்று, மை கொட்டியதால், பிள்ளைக்குத் துடைக்கும் துணியாகிவிட்டது. மற்ற நாலும் ரோண் ஊரிலிருந்து வரும் புது ஜூனியர் ஷகீலாவிடம் போயின. அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம் முடிந்திருந்தது. நீலாம்பிகா அவற்றைத் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி செய்து ஒரு பையில் கொண்டுவந்து என் நாற்காலியில்தான் வைத்துக் கொடுத்தாள்.

ஷகீலா ஒன்றைப் பிரித்துத் தன் மேல் வைத்துப் பார்த்தாள். "இவ்வளவு பெருசா ஆகப்போறேனா அக்கா நான்?"

"ஆகு, ஆகு. நல்லாயிருக்கும்" என்றாள் நீலாம்பிகா. பிறகு என் பக்கம் திரும்பி, மிளகாய் பஜ்ஜி வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டாள்.